மாசிவ் அட்டாக்கின் 'ஹெலிகோலாண்ட்' அவ்வளவு சுமாரான ஆல்பமா?

குளக்கரை செந்தில்:

வணக்கம். பல வருஷமாக மனசில் கிடக்கும் கேள்வி, இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று வந்தேன். பிரிட்டனின் பிரிஸ்டல் நகர இசைக்குழுவான மாசிவ் அட்டாக் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் முதலில் 'மெசனைன்', அப்புறம் 'ப்ளூ லைன்ஸ்', கொஞ்சம் பொறுமை இருந்தால் 'ப்ரொடெக்‌ஷன்', அதோடு முடிந்துவிடுகிறது. 2010 பிப்ரவரியில் வந்த 'ஹெலிகோலாண்ட்' பேச்சில் வந்தால் "பரவாயில்லை, 'பாரடைஸ் சர்க்கஸ்' நல்லா இருக்கும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள்.

நான் இவர்களிடம் வந்து சேர்ந்த வழியே வேறு. திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது பக்கத்து அறை நண்பன் 'லூதர்' என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொடரை ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொண்டுவந்தான். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் வரும் அந்தக் கைதட்டலும், பியானோவும், காதருகே வந்து பேசுவதுபோல ஒரு பெண் குரலும் என்னை விடவே இல்லை. பாட்டின் பெயர் 'பாரடைஸ் சர்க்கஸ்', பாடியவர் ஹோப் சான்டோவால் என்று தேடிக் கண்டுபிடித்து முழு ஆல்பத்தையும் இறக்கினேன். 'ஹவுஸ்' தொடரின் டைட்டில் இசையான 'டியர்டிராப்' இவர்களுடையதுதான் என்பதே எனக்கு அதற்கப்புறம்தான் தெரியும். அதனால் நான் முதலில் கேட்ட மாசிவ் அட்டாக் ஆல்பம் 'ஹெலிகோலாண்ட்'. மற்றதெல்லாம் அதைக் கேட்டுத் தேய்த்த பிறகு கேட்டவை.

அப்புறம் அந்தக் காலத்து விமர்சனங்களைத் தேடிப் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. யாரும் மோசம் என்று சொல்லவில்லை. '100த் விண்டோ'வை விட மேல், 'மெசனைன்' பக்கத்தில் நிற்காது என்று பாதிப் பேர் கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முந்தைய இரண்டும் முதலிடம் பிடித்தவை, இது ஆறாவது இடத்தோடு நின்றது. எனக்கோ 'கேர்ள் ஐ லவ் யூ' கடைசியில் அந்த ஊதுகருவிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கதறும் இடத்தில் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது.

முதலில் கேட்டது என்பதால் எனக்குக் கண்மூடித்தனமான பாசமா? இல்லை, அப்போது எழுதியவர்கள் எதையாவது கேட்கத் தவறினார்களா? இன்னொன்றும் கேட்கணும். இதைக் குழுவின் டெல் நாஜா, டாடி ஜி இருவரின் ஆல்பம் என்கிறார்கள், ஆனால் பாதிக்கு மேல் பாடுவது வெளியில் இருந்து வந்த விருந்தாளிப் பாடகர்கள். அந்த இருவர் இதில் எங்கே இருக்கிறார்கள்?


ஏவன் கரை:

தம்பி, நான் பிரிஸ்டலில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே வந்தது 1996-ல், அதனால் 'மெசனைன்' வந்த 1998 எனக்கு நல்ல ஞாபகம். இரவு வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாக்மேனில் அதைத்தான் கேட்டுக்கொண்டு போவேன்.

உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதற்கும் விடை அங்கேதான் கிடக்குது. ஆரம்பத்தில் மூன்று பேர்: டெல் நாஜா, டாடி ஜி, மஷ்ரூம். 'மெசனைன்' செய்யும்போதே மஷ்ரூமுக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை, 1999-ல் அவர் விலகிவிட்டார். 2003-ல் வந்த '100த் விண்டோ'வில் டாடி ஜி இல்லை, குடும்பத்தோடு இருக்கப் போய்விட்டார். அது டெல் நாஜாவும் தயாரிப்பாளர் நீல் டேவிஜும் செய்த ஆல்பம் என்றுதான் சொல்லவேணும். ஆக, இருவர் குழுவாக அவர்கள் சேர்ந்து செய்த முழு ஆல்பம் என்றால் அது 'ஹெலிகோலாண்ட்'தான். ஏழு வருஷ இடைவெளி.

2009 அக்டோபரில் 'ஸ்ப்ளிட்டிங் தி ஆட்டம்' ஈ.பி. (சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறு வெளியீடு) வந்த அன்று காரில் போட்டேன். டாடி ஜியின் அந்தக் குரல், அடிவயிற்றில் இருந்து, அவசரமே இல்லாமல், முதல் வரியிலேயே. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவர் இல்லாத ஆல்பத்தில் என்ன குறைந்தது என்று எனக்கு ஆறு வருஷமாகச் சொல்லத் தெரியவில்லை, அந்த நிமிஷம் விளங்கியது. ஜமைக்கா ரெக்கே பாடகர் ஹோரஸ் ஆன்டியின் குரல் மேலே நடுங்கிக்கொண்டு போக, இவருடையது கீழே தரை மாதிரிக் கிடக்கும். தரை இருந்தால்தான் மேலே நடுங்குவது கேட்கும்.

ஆனால் முழு ஆல்பம் வந்தபோது எனக்கும் ஏமாற்றம்தான், மறைக்கமாட்டேன். காரணம் பாஸ், அந்த அடிச்சத்தம். இவர்கள் வந்த வழி ஒலிபெருக்கிக் குழுக்களின் வழி. 1980-களில் 'வைல்ட் பன்ச்' என்ற பெயரில் டக் அவுட் கிளப்பிலும் செயின்ட் பால்ஸ் திருவிழாவிலும் ரெக்கார்ட் போட்டவர்கள். செயின்ட் பால்ஸ் தெருவில் அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும், பாஸ் முதலில் நெஞ்சில்தான் வந்து இடிக்கும், காதுக்கு அப்புறம்தான். 'ஹெலிகோலாண்ட்'டில் அந்த இடியை எதிர்பார்த்தோம். பல பாட்டுகளில் அது வரவில்லை, அல்லது ஐந்து நிமிஷம் கழித்து வந்தது. என் சிநேகிதர் வட்டத்தில் ஒருவர் தவிர எல்லோரும் இரண்டு வாரத்தில் அந்த சிடியை அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

அந்த அட்டைப் படம் பற்றியும் ஒன்று சொல்லவேணும். அது டெல் நாஜா தானே வரைந்த ஓவியம். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் அதைப் போஸ்டராக ஒட்டக் கேட்டபோது, சுவர்க் கிறுக்கல் மாதிரி இருக்கிறது என்று அப்படியே ஒட்ட விடவில்லை, வழியும் பெயின்ட்டை எடுக்கச் சொன்னார்கள். பாட்டுக்கு வருவதற்கு முன்னால் 3டி என்ற பெயரில் இந்த ஊர்ச் சுவர்களில் வரைந்துகொண்டிருந்த மனுஷன் அவர். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் அதே பதில். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

2024 ஆகஸ்டில் கிளிஃப்டன் டவுன்ஸ் மைதானத்தில் அவர்கள் வாசித்தபோது போயிருந்தேன். மழை. 'கேர்ள் ஐ லவ் யூ' வாசித்தார்கள். அன்றைக்கு அந்த பாஸ் நெஞ்சில் இடித்தது, தம்பி. பாட்டில் அது எப்போதுமே இருந்திருக்கிறது.


மிக்ஸிங் மேசை:

ஏவன் கரை அண்ணா சொன்ன பாஸ் விஷயத்தில் இருந்தே தொடர்கிறேன். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், இந்த ஆல்பத்தை வேலைக்காகவே பலமுறை போட்டுக் கேட்டிருக்கிறேன்.

'ப்ளூ லைன்ஸ்' காலத்தில் அவர்கள் பழைய ரெக்கார்டில் இருந்து துண்டு எடுத்து, அதையே திரும்பத் திரும்ப லூப்பாக ஓட்டினார்கள். அப்படி ஒரு ட்ரம்ஸ் துண்டை எடுத்தால் வெறும் ட்ரம்ஸ் மட்டும் வராது, அது பதிவான அறை, அந்த மைக், ரெக்கார்டின் உரசல் எல்லாம் சேர்ந்து வரும். அதனால் இரண்டு லூப்பைச் சேர்த்தாலே இடம் நிறைந்துவிடும், சத்தம் தடிமனாக இருக்கும். 'மெசனைன்' அதன் மேல் கிடாரை ஏற்றியது. 'மேன் நெக்ஸ்ட் டோர்' பாட்டில் லெட் செப்பலின் ட்ரம்ஸும் க்யூர் குழுவின் துண்டும் ஒன்றாகக் கிடக்கும். '100த் விண்டோ'வில் சாம்பிளை, அதாவது பழைய ரெக்கார்டில் இருந்து எடுக்கும் துண்டை, அடியோடு விட்டுவிட்டார்கள், ஆனால் அந்த இடத்தைக் கணினி அடுக்குகளால் நிரப்பினார்கள். அதனால்தான் அது வழவழப்பாக, கொஞ்சம் மூச்சுமுட்டுவதாக இருக்கும்.

'ஹெலிகோலாண்ட்'டில்தான் முதல்முறையாக அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள். இதுதான் நான் சொல்ல நினைப்பது. மைக்கை வாத்தியத்துக்குக் கிட்டக்க வைத்துப் பதிவு செய்த சத்தம், எதிரொலி குறைவு, காய்ந்த சத்தம். 'ஸ்ப்ளிட்டிங் தி ஆட்டம்' எடுத்துக்கொள்ளுங்கள்: மலிவான ஆர்கன் மாதிரி ஒலிக்கும் ஒரு கீபோர்டு, அதை வாசித்தது ப்ளர் குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்ன், கூடக் கைதட்டல், மூன்று குரல், கிட்டத்தட்ட அவ்வளவுதான் முதல் சில நிமிஷம். 'சைக்கி' பாட்டில் மார்ட்டினா டாப்லி-பேர்டின் குரலுக்குக் கீழே சுற்றிச் சுற்றி வரும் கம்பி மீட்டல் மட்டும், ட்ரம்ஸ் வரும் வரும் என்று காத்திருப்போம், அது வரும் பாட்டே இல்லை என்று அப்புறம்தான் புரியும். 'பாரடைஸ் சர்க்கஸ்' பாட்டில் வயலின்கள் எவ்வளவு நேரம் கழித்து வருகின்றன என்று பாருங்கள். அந்தக் கடைசிப் பகுதிக்காக அதற்கு முன்னால் எல்லாவற்றையும் அவ்வளவு சிக்கனமாக வைத்திருக்கிறார்கள்.

2010-ல் நாங்கள் எல்லாம் எதில் கேட்டோம்? லேப்டாப்பில், மொபைலில், 128 கேபிபிஎஸ் எம்பி3-யில். தடிமனான சத்தம் மட்டமான ஸ்பீக்கரிலும் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். காலி இடம் உள்ள மிக்ஸ் அதில் செத்துவிடும், வெறும் மெலிந்த பாட்டாகத்தான் கேட்கும். விமர்சனம் எழுதியவர்கள் எல்லோரும் அப்படிக் கேட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் ரசிகர்களிடம் அது எடுபடாமல் போனதற்கு இது பெரிய காரணம் என்று நம்புகிறேன்.

செந்தில், ஒரு வேலை செய்யுங்கள். நல்ல ஹெட்போனில், ராத்திரியில், முதல் பாட்டு 'ப்ரே ஃபார் ரெய்ன்' மட்டும் போடுங்கள். டுண்டே அடெபிம்பே பாடுவது. இழுத்து இழுத்துப் போகும் அந்த ட்ரம்ஸ், பாட்டின் நடுவில் சட்டென்று நின்று, மூடிய அறையில் ஜன்னல் திறந்ததுபோல வேறொரு பாட்டாக மாறி, திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து சேரும். அந்த ஜன்னல் திறக்கும் இடம் உங்களுக்குப் பிடித்தால் முழு ஆல்பமும் பிடிக்கும். அப்புறம் 2011-ல் பரியல் என்ற எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் செய்த 'பாரடைஸ் சர்க்கஸ்' ரீமிக்ஸைக் கேளுங்கள், அந்தக் காலி இடத்துக்குள் அவர் என்னவெல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று தெரியும்.


நேர்பேச்சு:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். எனக்கு இந்தக் குழு மேல் உயிர், அதனால்தான் சொல்கிறேன். 2010-ல் எழுதியவர்கள் தவறவில்லை.

காலி இடம் என்கிறார் மேலே எழுதியவர். சரி. ஆனால் 'ரஷ் மினிட்' பாட்டில் இருப்பது காலி இடமா, யோசனை தீர்ந்துபோனதா? நாலே முக்கால் நிமிஷம், தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. 'ஃபிளாட் ஆஃப் தி பிளேட்' பாட்டை எல்போ குழுவின் பாடகர் கை கார்வியின் குரலுக்காகக் கேட்கலாம், அந்தக் கரகரப்பான எலக்ட்ரானிக் சத்தத்துக்கு நடுவில் அவர் தனியாக மாட்டிக்கொண்டதுபோலப் பாடுவது அழகுதான், ஆனால் பாதியில் விட்ட பாட்டு மாதிரி இருக்கிறது. 2008-ல் மேடைகளில் புதுப் பாட்டுகள் என்று பலவற்றை வாசித்தார்கள், அவற்றில் சில இந்த ஆல்பத்துக்கு வரவே இல்லை. செய்து, கலைத்து, திரும்பச் செய்து, ஏழு வருஷம். அவ்வளவு கை பட்ட மண்பானை மாதிரி சில பாட்டுகள் மெலிந்துவிட்டன.

விருந்தாளிகள் பற்றி செந்தில் கேட்டதற்கும் நேராகவே சொல்கிறேன். முதல் மூன்று பாட்டு, முதல் குரல் மூன்றும் வேறு வேறு. 'மெசனைன்'னிலும் விருந்தாளிகள் உண்டு, எலிசபெத் ஃபிரேசர் மூன்று பாட்டு பாடினார். ஆனால் அங்கே யார் பாடினாலும் ஒரே இருட்டுக்குள்தான் பாடினார்கள். இங்கே ஒவ்வொருவரும் தன் ஊர் வெளிச்சத்தைக் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். ஆல்பர்ன் பாடும்போது அது ஆல்பர்ன் பாட்டாகவே ஆகிவிடுகிறது.

'கேர்ள் ஐ லவ் யூ' பற்றி: எனக்கும் பிடிக்கும். ஆனால் அது 'ஏஞ்சல்' செய்த அதே வழிமுறை. அங்கே ஹோரஸ் ஆன்டியின் பழைய 'யூ ஆர் மை ஏஞ்சல்', இங்கே அவருடைய இன்னொரு பழைய ரெக்கே பாட்டு, இரண்டையும் எடுத்துக் கறுப்பாக்கி, மெல்ல மெல்ல ஏற்றி, கடைசியில் உடைப்பது. 1998-ல் அதைக் கேட்டவருக்கு 2010-ல் வந்தது இரண்டாம் முறை. உங்களுக்கு அது முதல் முறை. உங்கள் பாசத்துக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், அதில் தப்பே இல்லை.


கல்யாணி வாசிப்பவள்:

நேர்பேச்சு சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், 'ரஷ் மினிட்' எனக்கும் ஒட்டவில்லை. ஆனால் ஆல்பர்ன் பாட்டை அப்படிக் கடந்துபோக முடியாது, 'சாட்டர்டே கம் ஸ்லோ' எனக்கு இந்த ஆல்பத்தின் மையம்.

அந்தப் பாட்டுக்கு ஒரு குறும்படம் வந்தது, பார்த்திருக்கிறீர்களா? கைதிகளின் மேல் சத்தமான இசையைச் சித்திரவதையாகப் பயன்படுத்துவதை எதிர்த்து ரிப்ரீவ் என்ற மனித உரிமை அமைப்போடு சேர்ந்து வெளியிட்டது. குவான்டனாமோ என்ற அமெரிக்கச் சிறை முகாமில் அடைத்து வைத்து 2004-ல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் விடுவிக்கப்பட்ட பிரிட்டன்காரர் ஒருவர் அதில் வருகிறார். எதிரொலியே எழாத ஒரு ஆய்வுக்கூட அறையில் உட்கார்ந்து, இசையை வைத்துத் தன்னை என்ன செய்தார்கள் என்று சொல்கிறார். அடி உதையைக் கூட முன்கூட்டி எதிர்பார்த்து மனசைத் தயார் செய்துகொள்ளலாம், மணிக்கணக்கில் ஓடும் பாட்டிடம் இருந்து ஒளிய இடமே கிடையாது என்பது புரிந்தபோது எனக்கு அன்று முழுக்க எந்தப் பாட்டும் கேட்கப் பிடிக்கவில்லை.

மிக்ஸிங் மேசை காய்ந்த சத்தம் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது. இசையைக் காதில் திணித்து மனுஷரை உடைக்கிறார்கள் என்று தெரிந்த இருவர் சத்தத்தைக் குறைத்து, இடம் விட்டு ஒரு ஆல்பம் செய்திருக்கிறார்கள். அவர்கள் அப்படி யோசித்துத்தான் செய்தார்களா என்பது வேறு. எனக்கு அப்படித்தான் கேட்கிறது. இராக் போருக்கு முன்னால் டெல் நாஜாவும் ஆல்பர்னும் சேர்ந்து இசைப் பத்திரிகையில் முழுப் பக்கம் போர் எதிர்ப்பு விளம்பரம் கொடுத்தவர்கள். அந்த இருவர் பல வருஷம் கழித்து ஒரு பாட்டில் சேரும்போது அதில் சத்தம் குறைவாகவும் சோர்வு அதிகமாகவும் இருப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. அதே வருஷக் கடைசியில் 'அட்லஸ் ஏர்' ஈ.பி. வந்தது, அதன் வருமானம் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக வார் சைல்டு அமைப்புக்குப் போனது.

தலைப்பையும் கொஞ்சம் பாருங்கள். வட கடலில் உள்ள குட்டித் தீவு ஹெலிகோலாண்ட். 1890-ல் சான்சிபார் தொடர்பான ஒப்பந்தத்தில் பிரிட்டன் அதை ஜெர்மனியிடம் கொடுத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1947-ல் பிரிட்டிஷ் கடற்படை அங்கே ஆயிரக்கணக்கான டன் வெடிமருந்தை ஒரே நேரத்தில் வெடித்தது, தீவின் உருவமே மாறியது, ஆனாலும் தீவு மிஞ்சியது, ஊர்க்காரர்கள் திரும்பிப் போய்க் குடியேறினார்கள். 1925-ல் இயற்பியலாளர் ஹைசன்பெர்க் குவாண்டம் கணக்குகளைப் போட்டதும் அங்கே உட்கார்ந்துதான். 'ஸ்ப்ளிட்டிங் தி ஆட்டம்', அதாவது அணுவைப் பிளப்பது, என்ற பெயரில் ஒரு பாட்டு உள்ள ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.


குளக்கரை செந்தில்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் எடுத்துக்கொண்டேன் பதில் எழுத.

மிக்ஸிங் மேசை சொன்னபடி நண்பரிடம் நல்ல ஹெட்போன் கடன் வாங்கி 'ப்ரே ஃபார் ரெய்ன்' கேட்டேன். ஜன்னல் திறக்கும் இடத்தை இத்தனை வருஷம் நான் கவனித்ததே இல்லை, அந்தப் பாட்டை எப்போதும் தள்ளிவிட்டுத்தான் போயிருக்கிறேன். ஒரே ராத்திரியில் நாலு முறை கேட்டேன்.

நேர்பேச்சு, 'ஏஞ்சல்' பற்றிச் சொன்னது குத்தியது, ஆனால் உண்மை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஏறும் விதம் அதேதான். ஒரு வித்தியாசம் மட்டும் பட்டது: 'ஏஞ்சல்' உடையும்போது கிடார் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது, ஹோரஸ் ஆன்டி உள்ளே போய்விடுகிறார். 'கேர்ள் ஐ லவ் யூ'வில் ஊதுகருவிகள் எவ்வளவு கதறினாலும் அவர் குரல் தனியாக வெளியே நிற்கிறது. அதற்குள் பன்னிரண்டு வயது கூடிய குரல். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, முதலில் கேட்டதால் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணி அக்கா, அந்தப் படத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகு அந்தப் பாட்டை இன்னும் போடவில்லை.

ஏவன் கரை அண்ணா, ஒரு சின்னக் கேள்வி. அலமாரியில் வைக்காத அந்த ஒரு சிநேகிதர், அவருக்கு எந்தப் பாட்டு?


ஏவன் கரை:

'அட்லஸ் ஏர்', தம்பி. எட்டு நிமிஷத்துக்குக் கிட்ட ஓடும் கடைசிப் பாட்டு. அவர் லாரி ஓட்டுகிறவர், நெடுஞ்சாலையில் ராத்திரி அந்த ஆர்கன் சத்தத்தை முழு வால்யூமில் போட்டுக்கொண்டுதான் இப்பவும் போகிறார்.